கூடி அழுவதற்கு ஒரு களரி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நாடகத்தைப் பற்றிப் பேசுவதற்கு எம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மண்டபத்திலே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுட் சிலர் இதே மேடையில் அரசராகவும் மந்திரியாகவும் நின்று ஊரைக் கட்டிப்போட்டவர்கள். யாமோ பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத மாணாக்கர். எனினும், செயலாளர் அவர்கள் இப்பொருளைத் தந்து பேசும்படி பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு குறையைப் பெரியோர் முன்னிலையில் சொல்லிவிட இஃதொரு வாய்ப்பு என்றே எண்ணினோம்.

யாம் சொல்ல வந்தது ஒன்றுதான். தனித்தனி வீடுகளில் அடக்கி வைத்திருக்கும் துயரத்தை ஓர் ஊர் ஒருங்கிருந்து வெளியிடுவதற்கு நாடகத்தைப் போன்றதோர் இடம் வேறில்லை. அவ்விடம் நம்மிடம் இருந்தது. அதனை நாம் கைநழுவ விட்டோம். மீண்டும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

முதலில் எமது வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூற அனுமதியுங்கள். எம் அப்பாச்சிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவருடைய இளைய மகன், அதாவது எமது சிறிய தந்தையார், 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு வன்னிக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டவர். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் அவரைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. இருக்கின்றார் என்று சொல்வாரும் இல்லை. இறந்தார் என்று சொல்வாரும் இல்லை. ஆதலின் எம் வீட்டில் அவர் படத்துக்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை, ஆட்டைத் திவசமும் இல்லை. யாம் அறிந்த காலம் தொட்டு அப்பாச்சி அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை, அழுது கண்டதுமில்லை. "நெஞ்சழுத்தக்காரி" என்று உறவினர் சிலர் அவரைச் சொல்வதுண்டு.

சென்ற ஆண்டு நம் கோயிற் பூங்காவனத் திருவிழாவன்று வெளியூரிலிருந்து ஓர் இசைநாடகக் குழு வந்து அரிச்சந்திர மயான காண்டத்தை ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாச்சியைக் கைபிடித்து அழைத்துச் சென்று வீதி மணலிற் பாய் விரித்து இருத்தினோம். ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கியதும் அவர் நிமிர்ந்து இருந்தார். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குச் சுமந்து வருகின்றாள். சுடலை காப்பவனாக நிற்கும் அரிச்சந்திரன், அவள் தன் மனைவி என்று அறியாது, கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கின்றான். அவளிடம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் அப்பாச்சி வாய்விட்டு அழுதார். யாம் திடுக்கிட்டோம், எழுந்து போகலாமா என்று கேட்டோம். அவர் எம் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வேண்டாம் ராசா, இருப்பம். அவளுக்குப் பிள்ளையின்ர உடம்பாவது கிடைச்சுது. நான் என்ர பிள்ளைக்கு வாய்க்கரிசியும் போடேல்லையடா."

சுற்றுமுற்றும் பார்த்தோம். அப்பாச்சி மட்டும் அழவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கை கட்டி நின்ற ஒரு பெரியவரும் சால்வையாற் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். யார் யாருக்காக அழுதார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவுமில்லை. எல்லோரும் சந்திரமதிக்காகவே அழுதார்கள்.

மறுநாட் காலை, தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், அப்பாச்சி தாமாகவே மகனைப் பற்றிப் பேசினார். மின்சாரம் இல்லாதிருந்த 1990களின் தொடக்கத்தில், இம்மன்றம் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் இதே மயான காண்டத்தை ஆடியபோது, சிறிய தந்தையாரே லோகிதாசனாகக் கிடந்தாராம். "பழக்கம் முடிஞ்சு இருட்டுக்குள்ள வருவான், நான் ஏசுவன்" என்று சொல்லிச் சிரித்தார். எமக்கு இருபது வயதுக்கு மேலாகியும் அறியாதிருந்த சிறிய தந்தையாரை அன்றுதான் அறிந்தோம். நாடகம் அவரை மீட்டுத் தரவில்லை. ஆனால் அவர் பெயரை எம் வீட்டுக்கு மீட்டுத் தந்தது.

பெரியோர்களே, அன்று தொட்டு நாடகத்தைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசிக்கலானோம். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர் என்பது புலனாயிற்று. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வகுத்தார். அவர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகைக்கும் நகைக்கும் சரியாசனம் உண்டு. அழுகை இழிவென்றோ கோழைத்தனம் என்றோ அவர் தள்ளிவிடவில்லை. உள்ளத்து உணர்ச்சி மெய்யிலே வெளிப்படுவதே மெய்ப்பாடு. மேலை நாட்டிலே அரிசுத்தோத்தில் என்னும் ஞானி, அவலச் சுவை நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்ச்சிகளாலேயே உள்ளத்தைத் தூய்மை செய்கின்றது என்றார்.

அந்தக் கிரேக்க நாட்டு நாடகம் ஒன்றை இங்கு சிறப்பாகக் குறிப்பிட விரும்புகின்றோம். கி.மு. 480 ஆம் ஆண்டு சலாமிசுக் கடற்போரில் கிரேக்கர் பாரசீகரை வென்றனர். எட்டே ஆண்டுகள் கழித்து, கி.மு. 472 இல், எசுக்கிலசு என்பவர் 'பாரசீகர்' என்ற நாடகத்தை ஏதென்சு நகரில் அரங்கேற்றினார். அவர் பாரசீகரோடு நேரே போர் செய்தவர். வெற்றி பெற்ற மக்களுக்கு அவர் எதைக் காட்டினார் என்று நினைக்கின்றீர்கள்? தோற்ற நாட்டின் அரண்மனையையும், போருக்குப் போன மகன் திரும்பி வருவானா என்று ஏங்கியிருக்கும் ஒரு தாயையும் காட்டினார். பகைவனின் தாயும் தாய்தான் என்பதை, போரின் வடு ஆறுமுன்னே, ஒரு நகரம் முழுவதும் ஒருங்கிருந்து பார்த்தது. இக்காலத்தில், இந்நாட்டில், இதனை நினைக்கும்போது எம் நெஞ்சு கனக்கின்றது.

யாம் சைவக் குடும்பத்திற் பிறந்து மிஷன் பாடசாலையிற் கற்றவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கு செகசிற்பியரின் யூலியசு சீசரை ஆங்கிலத்தில் மனனம் செய்து பரிசளிப்பு விழாவில் நடித்தோம். கைதட்டல் கிடைத்தது; ஆனால் யாரும் அழவில்லை, யாமும் அழவில்லை. அதே காலத்தில், பாடசாலைத் தோழர்களோடு ஒரு கடற்கரைக் கிராமத்துக்குச் சென்று பெரிய வெள்ளிக் காலத்துத் திருப்பாடுகளின் நாடகத்தைப் பார்த்தோம். மகனை மடியிற் கிடத்திய மரியாளைக் கண்டு அவ்வூர்த் தாய்மார் விம்மியதைக் கண்டோம். கடலிலும் போரிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அவர்கள். சந்திரமதியின் மடியும் மரியாளின் மடியும் வேறு வேறு அல்ல என்பதை அப்போது உணரும் வயது எமக்கில்லை, இப்போது உணர்கின்றோம். நம் கத்தோலிக்க சகோதரர்கள் நாட்டுக்கூத்தை இன்றும் விடாது பேணி வருகின்றனர். 1965 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திருமறைக் கலாமன்றம் இத்துறையில் ஆற்றிய பணி நாடறிந்தது. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

மிஷன் பாடசாலையிற் கற்றவர்கள் நம் கலையை மறந்துவிடுவார்கள் என்று சிலர் கவலைப்படுவதுண்டு. காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தரும் மிஷன் பாடசாலைகளிற் பயின்றவரே. அவரே 1926 ஆம் ஆண்டு வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்னும் நூலிலே செகசிற்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தார். எங்கே கற்றோம் என்பதனிலும், கற்றதைக் கொண்டு எங்கே திரும்பி வருகின்றோம் என்பதே முக்கியம்.

இனி, நாடகம் ஊரை எவ்வாறு ஒன்றாக்குகின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். மட்டக்களப்புக் கூத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊர் கூத்தாடத் தீர்மானித்ததும், அண்ணாவியார் அவரவர் தோற்றத்துக்கும் குரலுக்கும் ஏற்பப் பாத்திரங்களைப் பகிர்ந்து, அவரவர் பாட்டுக்கள் அடங்கிய ஏட்டை வழங்குவார். இதற்குச் சட்டங் கொடுத்தல் என்று பெயர். பின்னர் மாதக்கணக்கில் இரவுதோறும் பழக்கம் நடைபெறும். காலிலே சதங்கை அணிவது ஒரு விழா, அடுக்குப் பார்த்தல் ஒரு விழா, அரங்கேற்றம் பெருவிழா. அது முடிந்ததும் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். களரியோ வட்டமானது, மண்ணை உயர்த்தி அமைப்பது. நாற்புறமும் சனங்கள் இருப்பர். ஆதலின் கூத்தனை மட்டுமன்றி, எதிர்ப்புறத்தில் இருக்கும் அயலவர் முகத்தையும் அவர்கள் பார்ப்பார்கள். அயலவன் அழுவதைக் கண்டால் நம் அழுகைக்கு நாணம் இல்லாமற் போகின்றது. வட்டக்களரியின் பெருமை இதில் இருக்கின்றது என்பது எமது துணிபு.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் காத்தவராயன் கூத்து மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்தது. நேர்த்திக்கடனாக அதனை ஆடுவிப்பவர்கள் உண்டு. காத்தவராயன் கழுவேறும் கட்டத்திலே தாயின் துயரத்தைப் பார்த்து உருகாதார் இல்லை. இசைநாடகத்திலோ, காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் 1989 இல் மறையும்வரை மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடினார். கதை எல்லோருக்கும் மனப்பாடம், முடிவும் தெரியும். தெரிந்திருந்தும் மீண்டும் மீண்டும் சென்றார்கள். புதுமை காணவா சென்றார்கள்? அழும் உரிமையைப் பெறவே சென்றார்கள்.

யாம் இப்போது பயிலும் பேராதனைக்கும் இதில் ஒரு பங்குண்டு. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அவர்கள் 1956 ஆம் ஆண்டு 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்ற மரபையே அவர் அதற்கு அடித்தளமாகக் கொண்டார். பேராதனையின் திறந்தவெளி அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரைப் போன்றே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களும், பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராக இருந்தவர், 1960களிலே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடுவித்தார். விடியவிடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி, அதன் உயிர் கெடாது காத்தார். பல்கலைக்கழக மாணவர்கள் கிராமத்து அண்ணாவியாரின் முன் மாணாக்கராக நின்று தாளக்கட்டும் ஆட்டமும் பயின்றார்கள். ஏட்டுக் கல்வியே கல்வி என்று எண்ணும் எம் போன்றோருக்கு இஃதொரு நல்ல பாடம்.

போர்க் காலத்திலும் நாடகம் ஓயவில்லை. 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள், மக்கள் வாய்திறந்து சொல்ல இயலாதவற்றை மேடையிலே சொல்ல வைத்தார். 1985 இல் 'மண் சுமந்த மேனியர்' வந்தது. போரினால் உள்ளம் சிதைந்தோரின் நிலையை 'அன்னை இட்ட தீ' காட்டிற்று. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு சென்றுவிடப் பெரிய வீட்டிலே தனித்திருக்கும் தாய்தந்தையரின் கதையை 'எந்தையும் தாயும்' சொல்லிற்று. நம் ஊரில் எத்தனை வீடுகளில் இன்று அக்கதை நடக்கின்றது என்பதைப் பெரியோர்களுக்கு யாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மனத்தை உறுத்தும் ஓர் உண்மையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நம் கூத்தையும் இசைநாடகத்தையும் வறுமையிலும் காத்து வந்த கலைஞர்களுட் பலர், பிறப்பின் காரணமாகக் கோயிலினுள்ளே நுழைய விடப்படாதவர்கள். இரவிலே அரிச்சந்திர மகாராசாவாக அவரை வணங்கியவர்கள் பகலிலே அவரைத் தம் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அப்போராட்டத்தின் பொருளையே எடுத்து, 'கந்தன் கருணை' என்ற நாடகம் காத்தவராயன் கூத்துப் பாணியிலே ஆடப்பெற்றது. நம்மைத் திருத்துவதற்கு நம் கூத்தே வந்து நின்றது. கூடி அழ ஒரு களரி வேண்டும் என்று யாம் கேட்கும்போது, அக்களரியில் ஒருவரைத் தள்ளி வைத்துவிட்டு மற்றவர் கூடுவதைக் கேட்கவில்லை. தள்ளி வைத்த கூட்டம் கூட்டமாகாது.

நாடகத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் யாம் அறியாமலில்லை. பிள்ளைகளின் படிப்புக் கெடும் என்பர் சிலர். கிழமைக்கு இரண்டு மாலைப்பொழுது பழக்கத்தினால் எந்தப் படிப்பும் கெடாது. நாடகமும் அரங்கியலும் இன்று உயர்தரப் பரீட்சைக்குரிய பாடமாகவும் இருக்கின்றது. பெண் பிள்ளைகள் மேடையேறுவதா என்பர் வேறு சிலர். ஆடவரே சேலை உடுத்துச் சந்திரமதியாக நின்ற காலம் மலையேறிவிட்டது. தாயின் துயரைத் தாய்க்குலத்தார் பாடுவதில் என்ன குறை? கைத்தொலைபேசியிலே ஆயிரம் படங்கள் கிடைக்கும்போது நாடகம் எதற்கு என்று எம்மொத்த இளைஞர் கேட்கின்றனர். உண்மைதான். ஆனால் தோழர்களே, அதனை நாம் தனியே அறைக்குள் இருந்து பார்க்கின்றோம். நாம் அழுதால் அந்தத் திரைக்குத் தெரியாது. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்கும் தெரியாது.

எல்லாவற்றிலும் வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்பதே அது. இதனை அன்போடு சொல்பவர்கள் இருக்கின்றார்கள். ஆதலின் பணிவோடு விடை கூறுகின்றோம். புண் ஆறிவிட்டதா, மூடி மட்டும் கிடக்கின்றதா என்பதைப் புண்பட்டவரே அறிவார். நாடகம் யாரையும் வற்புறுத்தி உன் கதையைச் சொல் என்று கேட்பதில்லை. பழைய கதையொன்றைப் போர்வையாகத் தருகின்றது. விரும்பியவர் அப்போர்வைக்குள் தம் துயரையும் வைத்து அழலாம். விரும்பாதவர் பாட்டைக் கேட்டுவிட்டு வீடு செல்லலாம். நாடகம் வைத்தியம் அன்று. மனம் நொந்து உறக்கமின்றி இருப்பவரை வைத்தியரிடமே அழைத்துச் செல்லல் வேண்டும். ஆனால், உனக்கு மட்டும் இத்துயர் வந்ததன்று என்பதை ஊரார் முகங்களைக் கொண்டு காட்டுவதற்கு நாடகம் வல்லது.

அன்புடையீர், நம் மன்றம் தன் சொந்த உறுப்பினரைக் கொண்டு ஒரு முழு நாடகம் ஆடிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆண்டு விழா என்றால் இசைக்குழுவை வாடகைக்கு அமர்த்துகின்றோம், ஒலிபெருக்கி அதிர்கின்றது, சிறுவர் ஆடுகின்றனர், முதியவர் காதைப் பொத்திக்கொண்டு நேரத்தோடு எழுந்து போகின்றனர். இளையோருக்கு ஒரு விழா, முதியோருக்கு ஒரு வீடு என்று ஊர் இரண்டாகின்றது. சிரிப்பும் பாட்டும் வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. அதற்கு இடம் இருப்பதுபோல அழுகைக்கும் ஓர் இடம் வேண்டும் என்றே சொல்கின்றோம்.

ஆதலின் இச்சபை முன் ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவுக்கு மயான காண்டத்தை நாமே ஆடுவோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்படாது சுருக்குவோம். பாட்டும் மெட்டும் இன்னும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இம்மண்டபத்தில் இருக்கின்றார்கள். அவர்கள் அண்ணாவியாராக இருந்து எமக்குப் பழக்கித் தரவேண்டும். இக்கலையைக் காத்த குடும்பங்களின் வீட்டுக்கு நாமே நடந்து சென்று, முறையாக அழைத்து, முன்வரிசையில் இருத்த வேண்டும். உடையையும் திரையையும் நம் கையாலேயே ஆக்குவோம். கோயில் வீதி மணலிலே ஆடுவோம், மேடை உயரம் வேண்டாம், சுற்றியிருந்து பார்ப்போம்.

லோகிதாசனாகக் கிடப்பதற்கு ஒரு சிறுவன் வேண்டும். சிறிய தந்தையாரோடு அன்று நடித்தவர்கள் இங்கே இருப்பின், அச்சிறுவனுக்கு எப்படிக் கிடக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிக் கொடுப்பார்களாக. எம் அப்பாச்சி அடுத்த ஆண்டும் இருப்பாரோ என்பதை நாம் அறியோம். இருந்தால், அவருக்கு முன்வரிசையில் ஒரு பாய் விரிக்க யாம் கடமைப்பட்டுள்ளோம். அவரைப் போல வாய்க்கரிசி போட இயலாத தாய்மார் இவ்வூரில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் வேறு எதையும் கொடுக்க இயலாதவர்களாக இருக்கலாம். அவர்கள் அழும்போது பக்கத்தில் இருக்க நம்மால் இயலும்.

அம்பலத்தாடும் கூத்தப் பெருமான் அதற்கு வேண்டிய ஒற்றுமையை நமக்கு அருள்வாராக.